டிவிக்குப் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப்: பதினோரு மாதமாகப் பிரியாமல் நிற்கும் ஒட்டு

அப்பாவுக்கு இரவில் தூக்கம் குறைவு. கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பழைய படங்கள் பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் இருட்டாக இருக்க, 55 அங்குலத் திரை மட்டும் பளீரென்று எரிந்தால் கண் கூசத்தான் செய்யும். காலையில் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டிவியின் பின்பக்கம் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது சின்ன விளக்குப் பொட்டுகள் வரிசையாகப் பதித்த பட்டை, ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். சுவரில் மெல்லிய வெளிச்சம் விழுந்தால் திரைக்கும் இருட்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு குறையும். பகல் வெளிச்சத்துக்குப் பக்கமான 6500 கெல்வின் வெள்ளை இதற்குப் பொருத்தம், ஏனென்றால் திரையில் வெள்ளை என்று காட்டப்படுவதும் பெரும்பாலும் அதே வெள்ளைதான்.

முதல் நாளே அப்பாவுக்குப் பிடித்துப்போனது. மூன்றாம் நாள் மேல் வலது மூலை எழும்பியது. கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். மறுநாள் மறுபடியும் எழும்பியது. இரண்டாவது வாரம் ஒரு நள்ளிரவில் மேல்பக்கம் முழுவதும் கழன்று, எரிந்துகொண்டே திரைக்கு முன்னால் வந்து தொங்கியது. அப்பா பதறிப்போய் என்னை எழுப்பினார்.

விளக்கு எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே பெரிய விஷயமில்லை. நான் சொல்ல வந்தது, அதை விழாமல் நிறுத்தப் பயன்படுத்திய மூன்று பொருள்களைப் பற்றி: த்ரீஎம் நிறுவனத்தின் விஹெச்பி 5952 டேப், ஒட்டிக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் கிளிப்புகள், துடைத்துச் சுத்தம் செய்ய ஒரு புட்டி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இப்போது பதினோரு மாதம் ஆகிறது.

கழன்று விழுந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தபோதே பாதிக் காரணம் தெரிந்துவிட்டது. பசை அப்படியே ஸ்ட்ரிப்பில் இருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் படலம். ஆக, பசை டிவியைத் தொடவே இல்லை, டிவியின் மேலிருந்த தூசியோடுதான் ஒட்டியிருந்திருக்கிறது. ஒட்டுவதற்கு முன்னால் நான் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்திருந்தேன். அது போதவில்லை. டிவியின் பின்பக்கத்தில் தூசி வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை, எண்ணெய்ப்பிசுக்கோடு சேர்ந்து படிந்திருக்கிறது. ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் இழுத்த முதல் இழுப்பிலேயே துணி கறுத்துப்போனது. நான்காவது துணிதான் வெள்ளையாக வந்தது.

இன்னொரு காரணம் அந்தப் பரப்பு. பெரும்பாலான டிவிகளின் பின்பக்கம் வழவழப்பாக இருப்பதில்லை. நகத்தால் கீறினால் சரசரவென்று சத்தம் வரும் சொரசொரப்பு. ஸ்ட்ரிப்போடு சேர்ந்தே வரும் டேப் தாள் மாதிரி மெல்லியது. அது அந்தச் சொரசொரப்பின் மேடுகளில் மட்டும் படும், பள்ளங்களில் இறங்காது. கையால் அழுத்தும்போது நன்றாகப் பிடித்துக்கொண்டதுபோலத்தான் தோன்றும். உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பது பரப்பில் ஒரு சிறு பகுதி.

விஹெச்பி 5952 இந்த இடத்தில்தான் உதவுகிறது. அதன் தடிமன் 1.1 மி.மீ. சாதாரண டபுள் சைடு டேப்போல நடுவில் ஒரு படலமும் இருபுறம் பசையும் பூசியதல்ல. முழுவதும் அக்ரிலிக் நுரை. அழுத்தினால் மெல்லப் பள்ளங்களுக்குள் இறங்கிப் படிகிறது, விளக்கு சூடாகி ஸ்ட்ரிப் சற்று நீண்டு சுருங்கினாலும் கூடவே நெளிந்துகொடுக்கிறது. த்ரீஎம் இந்த வகை டேப்பை 1980ஆம் ஆண்டிலிருந்து விற்கிறது. திருகும் ரிவெட்டும் போட வேண்டிய இடங்களில் உலோகத் தகடுகளை ஒட்டவே இது பயன்படுகிறது என்று படித்தபோது, ஒரு விளக்குப் பட்டைக்கு இவ்வளவு தேவையா என்று நானும் தயங்கினேன்.

தயக்கத்தைப் போக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரிப், கம்பி, ரிமோட்டுக்கான சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் தராசில் வைத்தேன். மொத்தம் 110 கிராம். ஒரு கிலோ எடையைத் தொங்கவிட ஏறக்குறைய 55 சதுர செ.மீ. டேப் வேண்டும் என்பது இந்த டேப்புக்கு த்ரீஎம் சொல்லும் பொதுக்கணக்கு. அப்படியானால் என் விளக்குக்கு 6 சதுர செ.மீ. போதும். ஒரு தபால்தலை அளவு! மேல்பக்கமும் இரண்டு ஓரங்களுமாக நான் ஒட்டியிருந்த 2.6 மீட்டர் ஸ்ட்ரிப்பின் பின்னால் இருந்த பசையோ 260 சதுர செ.மீ. டேப் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் எடை தாங்காமல் விழுந்தது என்று சொல்லவே முடியாது.

அப்படியென்றால் எது பிரித்தது? இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வேலை சரியாக வந்தது. டேப்பை இரண்டு விதமாக இழுக்கலாம். ஒட்டியிருக்கும் பரப்புக்கு இணையாகக் கீழே இழுத்தால் ஒட்டு முழுவதும் சேர்ந்து எதிர்க்கும், லேசில் வராது. ஒரு நுனியைத் தூக்கி உரித்தால், அந்த நொடியில் எதிர்ப்பது நுனியில் இருக்கும் ஒரு கோடு அளவு பசை மட்டும்தான். ஸ்டிக்கரை எப்படிப் பிரிக்கிறோமோ அப்படி. ஸ்ட்ரிப்பை ஓயாமல் உரித்துக்கொண்டிருந்த இடங்கள் என் டிவியில் மூன்று இருந்தன: மூலைகள், பின்பக்க மேடு, தொங்கிய கம்பி.

முதலில் மூலை. எல்இடி ஸ்ட்ரிப் தடிமன் பக்கமாக மட்டுமே வளையும், ரிப்பன்போல. அகலப் பக்கமாகச் சுவரோடு சுவராகத் திருப்ப முடியாது. திருப்பினால் உள்ளே இருக்கும் செப்புத்தடம் விரிசல் விடும், அந்த இடத்துக்குப் பிறகு விளக்கு எரியாது அல்லது நிறம் மாறும். முதல் தடவை நான் மூலையில் மடித்து மட்டமாக அழுத்தி ஒட்டியிருந்தேன். மடிப்பு நிமிர்ந்துகொள்ளத்தான் பார்க்கும். இரவும் பகலும் அது பசையைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூலைக்கென்று எல் வடிவ இணைப்பான்கள் கிடைக்கின்றன. ஸ்ட்ரிப்பை வெட்டுக்குறியில் வெட்டி, இரண்டு பக்கமும் அதில் செருகி மூடிவிடலாம். வாங்கிப் பார்த்தேன். இரண்டில் ஒன்று முதல் வாரமே தொடர்பு விட்டுப்போனது. அதோடு அதன் தடித்த உடல் டிவியிலிருந்து ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போது மூலையில் வெட்டுவதே இல்லை. விளக்குப் பொட்டு இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்ட்ரிப்பைப் பின்னல் நுனி வளைவதுபோலத் தளர்வாக ஒரு சிறு வளையமாகத் திருப்பி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிறேன். அந்த 4 செ.மீ. வளையத்தில் பசையே கிடையாது. வளையத்துக்கு முன்னால் ஒரு கிளிப், பின்னால் ஒரு கிளிப். நிமிரப் பார்க்கும் விசை அந்த இரண்டு கிளிப்போடு நின்றுவிடுகிறது, மற்ற ஒட்டுக்குப் போவதில்லை.

இந்தக் கிளிப்பைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நான் செய்த செலவில் மிகச் சிறியது, ஆனால் வேலையைக் காப்பாற்றியது அதுதான். இரண்டு வகை உண்டு. திருகு போடுவது ஒன்று. டிவியின் பின்மூடியில் எந்தக் காரணத்துக்காகவும் திருகு போடக்கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மற்றது அடியில் ஒட்டு வைத்த கிளிப், அதுதான் நமக்கு. வாங்கும்போது ஸ்ட்ரிப்பின் அகலத்தை அளந்துகொள்ள வேண்டும். 8 மி.மீ., 10 மி.மீ. இரண்டும் பரவலாகக் கிடைக்கின்றன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 8 மி.மீ. கிளிப்பில் 10 மி.மீ. ஸ்ட்ரிப்பை அமுக்கினால் ஓரத்துச் செப்பு நசுங்கும். கிளிப்பின் பட்டை பொட்டுகளுக்கு நடுவே உட்கார வேண்டும், பொட்டின்மேல் ஏறக்கூடாது.

கிளிப்பில் ஒரு குறை உண்டு. அடியில் அவர்கள் ஒட்டித் தரும் வெள்ளை நுரை மட்டம். நான் வாங்கிய இருபதில் மூன்று, சும்மா ஒட்டிவைத்த சோதனையிலேயே ஒரு வாரத்தில் விழுந்துவிட்டன. இருபதிலும் அந்த நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டு விஹெச்பி துண்டு வெட்டி ஒட்டினேன். ஒரு மணி நேர வேலை. பொறுமையாக இதைச் செய்துவிட்டால் கிளிப்பைக் குறை சொல்ல வேறெதுவும் இல்லை.

இரண்டாவது இடம் அந்த மேடு. இப்போதைய டிவிகள் பல மேலே மெலிந்தும் கீழே தடித்தும் இருக்கின்றன. பக்கவாட்டில் இறங்கும் ஸ்ட்ரிப் நடுவழியில் ஒரு படி ஏற வேண்டும். அந்த இடத்தில் இறுக்கி ஒட்டினால் படியின் உள்மூலையில் ஸ்ட்ரிப் அந்தரத்தில் நிற்கும், இருபுறமும் இழுக்கும். அங்கே அரை செ.மீ. தளர்ச்சி விட்டு, படிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கிளிப் போட்டேன். முடிந்தால் முழு ஸ்ட்ரிப்பையும் படிக்கு உள்ளே, தடித்த பகுதியிலேயே சுற்றிவிடுவது இன்னும் நல்லது. மிக மெல்லிய ஓஎல்இடி டிவிகளில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன். அவற்றில் மேல்பகுதிக்கு நேர் பின்னால் திரைதான் இருக்கிறது, அங்கே கட்டைவிரலால் அழுத்த எனக்குத் துணிச்சல் வராது.

மூன்றாவது கம்பி. இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். ஸ்ட்ரிப்பின் நுனியிலிருந்து கம்பி, கம்பியில் கட்டுப்பாட்டுப் பெட்டி, பெட்டியிலிருந்து பிளக். பெட்டியைத் தொங்கவிட்டால் அதன் எடை சின்னதாக இருந்தாலும் ஸ்ட்ரிப்பின் நுனியில் உரிக்கும் விசையாக விழுகிறது. யாராவது டிவிக்குப் பின்னால் கையை விட்டு வேறொரு கேபிளைச் செருகும்போது இந்தக் கம்பியும் இழுபடும். இரண்டாம் தடவை நான் முதலில் ஒட்டியது பெட்டியைத்தான். அதற்கு 3 செ.மீ. நீளத்தில் இரண்டு விஹெச்பி துண்டுகள். பெட்டிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே கம்பியில் கொஞ்சம் தளர்ச்சி விட்டு, அதையும் ஒரு கிளிப்பில் பிடித்துவிட்டேன். இப்போது கம்பியை இழுத்தால் பெட்டி வரைதான் வரும், ஸ்ட்ரிப்புக்குத் தெரியவே தெரியாது.

சரி, ஒட்டிய விதம். டிவியின் பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை விட்டேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் துடைத்தேன். டிவியின்மேல் நேராகத் தெளிக்கக்கூடாது, காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போகும். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்போ மெழுகுவர்த்தியோ பக்கத்தில் இருக்கக்கூடாது, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், டிவி மூடிகளின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

ஸ்ட்ரிப்பின் பின்னால் இருந்த பழைய டேப்பை முழுவதும் உரித்துவிட்டேன். அதன்மேலேயே புது டேப்பை ஒட்டினால் நல்ல டேப் கெட்ட டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். உரிக்கும்போது ஸ்ட்ரிப்பை மேசையில் மட்டமாக வைத்துக்கொண்டு டேப்பை மட்டும் மடக்கி இழுக்க வேண்டும். நீளமான ஸ்ட்ரிப்புகள் பெரும்பாலும் அரை மீட்டர் துண்டுகளைச் சாலிடர் வைத்துச் சேர்த்தவை. அந்தச் சேர்ப்புகளில் மடங்கினால் சாலிடர் விட்டுப்போகும். சேர்ப்பு இருக்கும் இடம் கொஞ்சம் புடைத்தும் இருக்கும், அங்கே டேப் ஒட்டாமல் பக்கத்தில் ஒட்டினேன்.

டேப்பை நீளம் முழுவதும் ஓட்டவில்லை. 3 செ.மீ. துண்டுகள், 15 செ.மீ.க்கு ஒன்று. காற்றுத் துளைகள் எதையும் மூடவில்லை. விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே தள்ளி, முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். விஹெச்பியின் உண்மையான குறை இங்கேதான். அது இரண்டாம் வாய்ப்பே தராது. தொட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஒரு துண்டு கோணலாகப் போய், பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. கத்தரிக்கோலிலும் ஒட்டிக்கொண்டு படுத்தும், கத்தியைத் தண்ணீரில் நனைத்து வெட்டினால் தேவலை. இதே பெயரை அச்சடித்த வேறு டேப்புகளும் விற்பனையில் இருப்பதால், சுருளில் 5952 என்ற எண்ணைப் பார்த்து, தடிமனையும் அளந்துகொண்டேன்.

அழுத்தம் முக்கியம். சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்று சொல்கிறார்கள். அப்படியானால் என் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கிலோ. எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டுமே என்று தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பழகினேன். நான் நினைத்திருந்ததைவிட மிக அதிகம். அப்பா முன்பக்கத்திலிருந்து டிவியின் சட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு துண்டையும் பத்து எண்ணும்வரை அழுத்தினேன். பொட்டின்மேல் அழுத்தாமல் பொட்டுகளுக்கு நடுவே.

அப்புறம் காத்திருப்பது. அறை வெப்பத்தில் இருபது நிமிடத்தில் பாதிப் பலம், ஒரு நாளில் 90 சதவீதம், மூன்று நாளில் முழுப் பலம் என்பது த்ரீஎம் தரும் அளவு. ஒட்டும்போது 21 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது, 10 டிகிரிக்குக் கீழே ஒட்டவே கூடாது. முதல் தடவை நான் ஒட்டிய ஐந்தாவது நிமிடமே விளக்கைப் போட்டு, பசை பிடிக்கும் முன்பே சூடாக்கிவிட்டேன். இந்தத் தடவை மூன்று நாளும் விளக்கின் பிளக்கைச் செருகவில்லை. ஒவ்வொரு இரவும் அப்பா கேட்பார், “என்னம்மா, இன்னைக்குப் போடலாமா?” நான் வேண்டாம் என்பேன். மறுபேச்சு பேசாமல் டிவியை மட்டும் போட்டுக்கொள்வார்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. என்னுடையது 5 வோல்ட் ஸ்ட்ரிப், முதலில் டிவியின் யூஎஸ்பி போர்ட்டில் மாட்டியிருந்தேன். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. முழு வெளிச்சம் வைத்தால் கடைசி அரை மீட்டர் மங்கி, வெள்ளை செம்மஞ்சளாகத் தெரிந்தது. தனி அடாப்டருக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. வெளிச்சத்தையும் குறைத்தே வைக்கிறோம். திரையின் உச்ச வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். குறைத்து வைத்தால் ஸ்ட்ரிப்பும் அவ்வளவு சூடாவதில்லை, பசைக்கும் நல்லது.

வேறு வழிகள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டுப்பசைத் துப்பாக்கி சூட்டிலேயே இளகும், விளக்குக்குப் பின்னால் அதற்கு வேலை இல்லை. சூப்பர் குளூ காய்ந்தால் நொறுங்கும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், கழற்றவும் முடியாது. முழுவதும் சிலிக்கான் உறை போட்ட தண்ணீர் புகாத ஸ்ட்ரிப்பை டிவிக்கு வாங்க வேண்டாம். சிலிக்கானில் விஹெச்பி உட்பட அக்ரிலிக் பசை எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது, கிளிப்பை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். உறை இல்லாத ஐபி20 வகை இங்கே போதும்.

கழற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று பார்ப்பதற்காகவே, கண்ணுக்குப் படாத கீழ்ப்பக்கத்தில் ஒரு துண்டைத் தனியாக ஒட்டிவைத்திருந்தேன். ஆறாவது மாதம் அதை எடுத்தேன். கையால் இழுத்தால் அசையவில்லை. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஒரு நிமிடம் காட்டி, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு ரம்பம்போல இழுத்தேன், வந்துவிட்டது. மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து ஆல்கஹாலால் துடைத்தேன். பிளாஸ்டிக்கில் தழும்பு இல்லை. வாடகை வீட்டில் சுவரில் இப்படி ஒட்ட நினைப்பவர்கள் மட்டும் கவனம், பெயின்ட் கையோடு வந்துவிடும்.

இந்தப் பதினோரு மாதத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் விட்டது. இடது பக்கம் கடைசிக் கிளிப், தூசி உறிஞ்சியின் குழாய் பட்டு. விஹெச்பி நின்றது, கிளிப்பின் பிளாஸ்டிக்தான் உடைந்தது. மீதி வைத்திருந்த கிளிப்பில் ஒன்றை எடுத்து, துடைத்து, அழுத்தி ஒட்டினேன். அன்று இரவு அப்பா ரிமோட்டை எடுத்தவர் என்னைப் பார்த்தார். “மூணு நாள் இருக்கட்டும், அவசரமில்லை” என்று அவரே சொல்லிவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.